பால்சாவைப் பிடித்த பசை பிளாஸ்டிக்கை ஏன் கைவிடுகிறது?

பால்சா என்ற லேசான மரத்தில் என் முதல் மாதிரி விமானத்தைக் கட்டி முடித்த வாரம் நடந்தது இது. விமானி உட்காரும் இடத்துக்கு மேல் வருகிற ஒளிபுகும் மூடியை, இறக்கையை ஒட்டிய அதே எபாக்ஸியால் (இரண்டு திரவங்களைக் கலந்து போடும் பசை) ஒட்டியிருந்தேன். இரண்டு நாள் காயவும் விட்டேன். மைதானத்தில் காரிலிருந்து விமானத்தை எடுத்தபோது மூடி மட்டும் தனியாக என் கையோடு வந்தது. எங்கும் உடையவில்லை, அப்படியே உரிந்திருந்தது. மரத்தின் மேல் எபாக்ஸி ஒரு சின்ன வரப்பு போல, மூடியின் விளிம்பை அச்செடுத்த மாதிரி பளபளவென்று நின்றிருந்தது. மூடியின் பக்கம் ஒரு பொட்டுப் பசைகூட இல்லை.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பசையின் பெயரைச் சொன்னார்கள். "இதைவிட வலுவானது வாங்கு" என்பதுதான் எல்லோரும் சொன்னதன் சாரம். இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் கேட்கும் அறிவுரை இது. பெரும்பாலும் பயன் தராத அறிவுரையும் இதுவே. என் பசை மரத்தைப் பிடித்திருந்த பிடியில் எந்தக் குறையும் இல்லை, கத்தியால் நெம்பினால் பால்சா நாரோடுதான் பெயர்ந்தது. அதே பசை, அதே நாள், அதே கை. ஒரு பக்கம் இரும்புப் பிடி, மறுபக்கம் எதுவும் இல்லை. அப்படியானால் கோளாறு பசையின் வலுவில் இருக்க முடியாது.

"எந்தப் பசை வலுவானது?" என்று கேட்பது, நோயைச் சொல்லாமல் "எது நல்ல மருந்து?" என்று கேட்பதற்குச் சமம். எந்தப் பரப்பில், எந்த விதமான இழுப்புக்கு, எந்த வெயிலுக்கு என்று கேட்கத் தொடங்கினால் பதில் தானாகவே சுருங்கி ஒன்றிரண்டு பசைகளில் வந்து நிற்கும்.

தாமரை இலையும் தோசைக்கல்லும்

மரத்தில் ஒட்டுவது எளிது என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். பால்சா மரத்தை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். தேன்கூடு போல, குழாய்களைக் கட்டாகக் கட்டி வைத்ததுபோல இருக்கும். ஈக்வடார் காடுகளில் வேகமாக வளரும் மரம் இது. மாதிரி விமானங்களுக்கு எடுக்கும் துண்டுகள் கன மீட்டருக்குப் பெரும்பாலும் 100 முதல் 200 கிலோவுக்குள் நிற்கும், அதாவது தண்ணீரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. மீதி எல்லாம் காற்று. திரவமாகத் தடவிய பசை அந்தக் குழாய்களுக்குள் இறங்கி அங்கேயே கெட்டியாகிறது. மண்ணுக்குள் வேர் இறங்குவது போன்ற பிடி அது. பசைக்கு மரத்தின் மேல் பிரியம் இல்லாவிட்டாலும் வெளியே வர வழி கிடையாது.

பிளாஸ்டிக்கில் இந்த வேர் வேலை நடக்காது. அச்சில் வார்த்த பரப்பு வழவழப்பானது, நுழைய ஓட்டை இல்லை. அங்கே பசைக்கு இருக்கும் ஒரே வழி, பரப்பின் மேல் முழுவதுமாகப் படிந்து, மூலக்கூறோடு மூலக்கூறு நெருங்கி நின்று, அந்த நெருக்கத்தில் உண்டாகும் மிகச் சிறிய ஈர்ப்புகளைக் கோடிக்கணக்கில் சேர்த்துப் பிடித்துக்கொள்வது. நெருங்காவிட்டால் ஈர்ப்பு இல்லை.

படிவதற்கும் படியாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அறிவோம். தாமரை இலைத் தண்ணீர் பட்டும் படாமலும் உருளும். அதே தண்ணீரைக் கழுவிய கண்ணாடியில் ஊற்றினால் தகடாகப் பரவும். திரவம் ஒரு பரப்பில் இப்படிப் பரவிப் படிவதற்கு நனைத்தல் என்று பெயர். நனைக்காத பசை ஒட்டாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை எளிது. (தாமரை இலையில் மெழுகுப் பூச்சோடு கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுபள்ளமும் சேர்ந்து வேலை செய்கிறது. பிளாஸ்டிக்கில் மெழுகுத்தன்மை மட்டும்தான்.)

ஒரு பரப்பு தன்மேல் படும் திரவத்தை எவ்வளவு ஆவலோடு இழுத்துக்கொள்கிறது என்பதற்கான அளவு, பரப்பு ஆற்றல். திரவத்துக்கும் இதே அளவில் ஒரு இழுப்பு உண்டு. திரவத்தின் இழுப்பு பரப்பின் இழுப்பைவிட அதிகமாக இருந்தால் அது தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு முத்தாக நிற்கும். மீட்டருக்கு மில்லிநியூட்டன் என்ற அலகில், தண்ணீருக்கு ஏறத்தாழ 72, எபாக்ஸிக்கு 45 அளவில். ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகள் 40ஐச் சற்றுத் தாண்டியவை, எனவே எபாக்ஸியோடு ஏறக்குறையச் சரிசமம். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் 30 அருகில். சமையலறை நான்ஸ்டிக் தவாவின் டெஃப்லான் 20க்கும் கீழே. தோசை ஒட்டாமல் வருவதும், பாலிபுரொப்பிலீன் கீலில் எபாக்ஸி ஒட்டாமல் வருவதும் ஒரே கதைதான்.

தோசைக்கல் இன்னொன்றையும் சொல்கிறது. அது இரும்பு. இரும்பின் பரப்பு ஆற்றல் மிக அதிகம், மாவு அப்பிக்கொள்ள வேண்டும். நாம் எண்ணெய் தேய்த்துவிடுவதால் மாவு இரும்பைத் தொடவே இல்லை, எண்ணெயைத்தான் தொடுகிறது. பிளாஸ்டிக் பாகங்கள் அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் அச்சில் தெளிக்கும் வழுக்குப் பொருளும், நம் விரல் பிசுக்கும் இதே எண்ணெய் வேலையைச் செய்கின்றன. அதனால் நல்ல பிளாஸ்டிக்கும் கெட்ட பிளாஸ்டிக்காக நடந்துகொள்ளும்.

இதுவரை சொன்னது: மரத்தில் பசை உள்ளே இறங்கி வேர்விடுகிறது. பிளாஸ்டிக்கில் மேலே படிந்தாக வேண்டும். படியுமா என்பதைப் பரப்பு ஆற்றலும் பரப்பின் சுத்தமும் முடிவு செய்கின்றன.

உங்கள் கையில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக்?

"பிளாஸ்டிக்" என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பப் பெயர். ஒரு சாதாரணப் பால்சா விமானத்திலேயே நாலைந்து உறுப்பினர்கள் இருப்பார்கள். மூக்கை மூடும் கவசமும் சக்கர மூடிகளும் வழக்கமாக ஏபிஎஸ். ஒளிபுகும் மூடி பாலிகார்பனேட்டாகவோ, தண்ணீர் பாட்டில் இனத்தைச் சேர்ந்த பிஇடி வகையாகவோ இருக்கும். கட்டுப்பாட்டுக் கம்பி மாட்டும் கொம்புகளும், என்ஜின் தாங்கியும், ஊசி செருகிய கீல்களும் நைலான். மடித்தால் மடிகிற ஒரே துண்டுக் கீல் பாலிபுரொப்பிலீன். கடைப் பெயர்ப் பலகைக்குப் பயன்படும் உள்ளே குழல் ஓடும் பிளாஸ்டிக் அட்டையும் அதுவே. வீட்டு முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்த பாகம் என்றால் பெரும்பாலும் பிஎல்ஏ.

எது எது என்று தெரியாதபோது ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வெட்டி மிஞ்சிய துணுக்கைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டிய காற்றுக் குமிழ்களைத் தட்டிவிட்டு, விரலை எடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மேலே வந்துவிடும். ஏபிஎஸ், நைலான், பாலிகார்பனேட், பிஇடி, பிஎல்ஏ எல்லாம் மூழ்கும். மிதப்பதைச் சாதாரணப் பசையால் ஒட்ட நினைக்க வேண்டாம். இந்தச் சோதனை எனக்கு மிச்சப்படுத்திய பசையும் கோபமும் கொஞ்சமல்ல. (நுரைப் பாகங்கள் காற்றால் மிதப்பவை, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

மூழ்குவதெல்லாம் ஒட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. நைலான் ஏமாற்றுப் பேர்வழி. பரப்பு ஆற்றல் அளவில் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். ஆனால் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பொருள், கரைப்பான்கள் அதைக் கடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை வேறு உறிஞ்சும். சொரசொரப்பாக்காமல் ஒட்டிய நைலான் கீலைக் குறடால் இழுத்தால், உறையிலிருந்து கத்தி வருவதுபோல வரும்.

பசை எப்படிக் கெட்டியாகிறது?

பசைகளைப் பெயரால் பிரிப்பதைவிட, கெட்டியாகும் விதத்தால் பிரிப்பது புதியவர்களுக்கு உதவும்.

முதலாவது, காய்ந்து கெட்டியாவது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, பாலிவினைல் அசிட்டேட் என்ற பொருளின் நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கும் பால். வடாம் காய்வதுபோலத் தண்ணீர் வெளியேறினால்தான் அது பசையாகும். பால்சாவோடு பால்சாவை ஒட்ட இதைவிட மலிவான, லேசான, நம்பகமான வழி எனக்குத் தெரியாது. தடவிய எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராகப் பறந்துவிடும் என்பது விமானத்துக்குப் பெரிய அனுகூலம். ஆனால் பிளாஸ்டிக்கில் தண்ணீர் போக வழியில்லை, மரத்தின் வழியாக மட்டும் மெல்லக் காயும். காய்ந்த பிறகும் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு தோலாகத்தான் நிற்கும், நகத்தால் உரிக்கலாம். ஈரத்தில் ஊறினால் மரத்திலும் இளகும்.

ஈரம் என்றதும் ஒரு உண்மையான விமானம் நினைவுக்கு வருகிறது. 1940இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் டி ஹாவிலாண்ட் மாஸ்கிட்டோ, பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டிய உடல் கொண்டது. நம் மேசையில் கிடக்கும் அதே பால்சா. தொடக்கத்தில் அதற்குப் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையைப் பயன்படுத்தினார்கள். ஈரமும் வெக்கையும் உள்ள நாடுகளுக்கு அது தாங்காது என்பதால் யூரியா ஃபார்மால்டிஹைடு என்ற செயற்கைப் பசைக்கு மாறினார்கள். இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த மாஸ்கிட்டோக்களின் ஒட்டுகள் 1944இல் பெரும் கவலையாகவே ஆகிவிட்டன.

இரண்டாவது, உறை ஊற்றியதுபோல இறுகுவது. ஃபெவிகுவிக் வகையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். ஒரு குண்டான் பாலைத் தயிராக்க ஒரு சொட்டு உறைமோர் போதும் அல்லவா? இங்கே உறைமோர், பரப்பில் எப்போதும் படிந்திருக்கும் மெல்லிய ஈரம். அது பட்டதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகின்றன. மெல்லிய அடுக்கில் நொடிகளில் நடக்கும். தடிமனாக ஊற்றினால் நடுப்பகுதிக்கு ஈரம் எட்டாமல் நெடுநேரம் கொழகொழவென்று இருக்கும். "நிறைய விட்டால் நன்றாகப் பிடிக்கும்" என்ற எண்ணம் இந்தப் பசையில்தான் மிகவும் தவறு. ஏபிஎஸ்ஸையும் பிஎல்ஏவையும் பால்சாவோடு இது நன்றாகவே பிடிக்கும். குறை என்னவென்றால், இறுகியபின் கண்ணாடி போன்ற விறைப்பு. அதிர்வையும் வளைவையும் பொறுக்காது.

இதன் பிறப்புக் கதை நம் விஷயத்துக்கு வேடிக்கையாகப் பொருந்துகிறது. 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர், துப்பாக்கிக் குறிகாட்டிக்கான ஒளிபுகும் பிளாஸ்டிக்கைத் தேடும்போது இந்தப் பொருளில் இடறினார். தொட்டதையெல்லாம் ஒட்டியதால் எரிச்சலோடு ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் ஜெட் விமானங்களின் விமானி அறை மூடிக்கு வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கைத் தேடியபோது அதே பொருள் மறுபடி வந்து, ஆய்வுக் கருவியின் விலை உயர்ந்த முப்பட்டகங்களை ஒட்டிவைத்தது. அப்போதுதான் இது பசை என்று புரிந்தது. 1958இல் விற்பனைக்கு வந்தது. மூடிக்கான தேடலில் பிறந்த பசை, மாதிரி விமான மூடியில் மட்டும் பயன்படுத்தக் கூடாத பசையாகிவிட்டது. இறுகுவதற்குள் அதன் ஆவி எழுந்து பக்கத்துப் பரப்பில் படிந்து, அங்கிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பனியாக உறையும். மறைந்த கைரேகையை வெளிக்கொண்டுவரத் தடயவியல் துறையினர் இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மூடியிலும் உங்கள் கைரேகை அழகாகத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. சாதாரண சயனோஅக்ரிலேட் தெர்மகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். நுரைக்கென்று தனி வகை கிடைக்கிறது.

மூன்றாவது, கலந்தால் இறுகுவது. மஞ்சளும் சுண்ணாம்பும் தனித்தனியே இருக்கும்வரை மஞ்சளும் சுண்ணாம்பும்தான், கலந்தால் ஆரத்திச் சிவப்பு. அரால்டைட் போன்ற எபாக்ஸியும் அப்படியே. ரிசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்கள் கலந்து வேதிவினை புரிந்து வேறொரு திடப்பொருளாகின்றன. எதுவும் காய்வதில்லை, எதுவும் ஆவியாவதில்லை. அதனால் இடைவெளியை நிரப்பும், சுருங்காது. அதனாலேயே தடவிய எடை முழுவதும் விமானத்தில் தங்கிவிடும். "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்டனரைக் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹார்டனர் ஊக்கி அல்ல, சரிபாதிக் கூட்டாளி. அதிகமாக ஊற்றினால் ஜோடி கிடைக்காத மூலக்கூறுகள் மிஞ்சி, ஒட்டு ரப்பர்போல நின்றுவிடும். ஐந்து நிமிட எபாக்ஸி அவசரத்துக்கு. கீல், என்ஜினைத் தாங்கும் சுவர் போன்ற இடங்களுக்கு முப்பது நிமிட வகையே மேல், மெல்ல இறுகுவதால் நனைக்க நேரம் கிடைக்கிறது.

நான்காவது, இறுகியும் வளைவது. மூடிக்கென்றே விற்கும் பசை வெள்ளைப் பசையின் உறவினர். பாலாகத் தடவினால் காய்ந்து நிறமற்ற மெல்லிய ரப்பர்த் தோலாகும், பிளாஸ்டிக்கையும் விடாது. செருப்புக்கும் பிளைவுட் மேல்தகட்டுக்கும் போடும் ரப்பர்ப் பசையும் இந்த வரிசையில் வரும். ஆனால் அதில் உள்ள கரைப்பான் மெல்லிய ஏபிஎஸ்ஸையும் ஒளிபுகும் மூடியையும் கடிக்கக்கூடும், துணுக்கில் சோதிக்காமல் தடவக் கூடாது.

குழாய் வேலைக்காரர்கள் பிவிசி குழாய்க்குத் தடவும் கரைசலை இங்கே கொண்டுவருகிறவர்களும் உண்டு. அது பசையே அல்ல, இரண்டு பிளாஸ்டிக் பரப்புகளையும் இளக்கி ஒன்றாக உருக்கும் கரைப்பான். மறுபக்கம் மரமாக இருந்தால் கரைய ஆளில்லை.

சுருக்கமாக: வெள்ளைப் பசை மரத்துக்கு. சயனோஅக்ரிலேட் சின்னப் பாகங்களுக்கு, வேகத்துக்கு. எபாக்ஸி இடைவெளிக்கும் பளுவுக்கும். வளையும் பசை நீளமான பிளாஸ்டிக் விளிம்புகளுக்கு. கடைசியில் சொன்னது ஏன் என்பதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம், என் மூடியைக் கழற்றிய உண்மையான குற்றவாளியும் அங்கேதான் இருக்கிறான்.

காருக்குள் நடந்தது

வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் எளிதாக 60 டிகிரியைத் தொடும். நான் ஒட்டியபோது அறையில் 30 டிகிரி இருந்திருக்கும். இந்த 30 டிகிரி உயர்வில் 30 சென்டிமீட்டர் நீள பாலிகார்பனேட் மூடி ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் நீளும். அடியில் இருக்கும் மரம் தன் நாரின் திசையில் 0.05 மில்லிமீட்டர்கூட நீளாது. ஒன்று ஓட, ஒன்று நிற்க, நடுவில் விறைத்த எபாக்ஸி. அரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். வளையத் தெரியாத பசைக்கு அது முழங்கையை முறுக்குவது போன்றது. போதாக்குறைக்கு, அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்ஸி இந்த வெப்பத்தில் கொஞ்சம் இளகவும் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் இதன் மறுபக்கம் நடக்கும்: மரம் ஈரத்தை உறிஞ்சி நாருக்குக் குறுக்கே உப்பும், பிளாஸ்டிக் அசையாது.

ரப்பர் போன்ற பசைக்கு இது பிரச்சினையே இல்லை. மேல்பக்கம் மூடியோடும் கீழ்ப்பக்கம் மரத்தோடும் நின்றுகொண்டு, நடுவில் சாய்ந்து கொடுக்கும். இழுவைச் சோதனையில் எபாக்ஸியிடம் தோற்கும் பசை, மூடியில் எபாக்ஸியைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக நிற்பதன் காரணம் இதுதான். பாகம் நீளமாக நீளமாக நீட்சி வித்தியாசமும் வளரும் என்பதால், ஒரு சென்டிமீட்டர்ப் பாகத்தைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம், அங்கே எபாக்ஸியோ சயனோஅக்ரிலேட்டோ தாராளமாகப் போடலாம்.

ஸ்டிக்கர் பொட்டுப் பாடம்

கண்ணாடியில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டை விரலால் அழுத்திப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், அசையாது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கிளப்புங்கள், சிரமமே இல்லாமல் வரும். பசை ஒன்றுதான். முதல் முறையில் பொட்டின் பரப்பு முழுவதும் சேர்ந்து எதிர்த்தது. இரண்டாவது முறையில் நகம் நிற்கும் ஒரு கோடு மட்டும் தனியாக எதிர்த்தது, அது விட்டதும் அடுத்த கோடு, பிறகு அடுத்தது. முதலாவதைச் சறுக்கு விசை என்றும் இரண்டாவதை உரிப்பு விசை என்றும் சொல்லலாம்.

எல்லாப் பசைகளும் சறுக்கலைத் தாங்கும், உரித்தலுக்குப் பயப்படும். சயனோஅக்ரிலேட் இதில் மிகவும் கோழை. மூடியின் மெல்லிய விளிம்பைக் காற்று கிளப்புவது உரிப்பு. கட்டுப்பாட்டுக் கம்பியை அசைக்கும் சர்வோ மோட்டார் தள்ளும்போது கொம்பின் அடித்தட்டு ஒரு பக்கம் தூக்குவதும் உரிப்புதான். விளிம்பை உடலின் மேல் ஐந்து மில்லிமீட்டராவது படிந்து கிடக்கும்படி வெட்டுவது, மூடிக்கு அடியில் மெல்லிய மரச் சட்டம் வைத்து ஒட்டும் பரப்பைக் கூட்டுவது போன்ற சின்ன மாற்றங்கள், பசையை மாற்றுவதைவிட அதிகம் சாதிக்கும்.

தேய்ப்பதும் துடைப்பதும்

இது சலிப்பான பகுதி, அதனால்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். ஒட்டும் இடத்தை 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்க்க வேண்டும். பசைக்குச் சின்னச் சின்ன வேர்க்கால்கள் கிடைக்கும், பரப்பும் கூடும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் பிசுக்கை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். தின்னரும் அசிட்டோனும் வேண்டாம், பாலிகார்பனேட்டில் மயிரிழை விரிசல்கள் ஓடிவிடும். துடைத்தபின் விரல் படக் கூடாது.

மறக்கக் கூடாத இன்னொன்று, விமானத்தின் மேல் போர்த்தும், சூட்டில் சுருங்கும் பாலியஸ்டர் படலம். அதன் மேல் மூடியை ஒட்டினால், நீங்கள் மரத்தில் ஒட்டவில்லை, படலத்தின் பின்புறம் உள்ள மெல்லிய பசையை நம்பியிருக்கிறீர்கள். மூடியின் கோட்டுக்குச் சற்று உள்ளே படலத்தை வெட்டி எடுத்து மரத்தைத் திறக்க வேண்டும். வெட்டும்போது கத்தி பால்சாவில் இறங்கினால் அந்தக் கோட்டிலேயே பின்னால் ஒடியும், குறிப்பாக வாலில். புது பிளேடும் இறகு போன்ற அழுத்தமும் போதும்.

மிதக்கும் பிளாஸ்டிக்குகளுக்கும் வழி இல்லாமல் இல்லை. நீலச் சுடரை ஒரு கணம் ஓட்டிப் பரப்பில் ஆக்சிஜனை ஏற்றுவது ஒன்று, அவற்றுக்கென்றே விற்கும் முன்பூச்சைத் தடவிவிட்டு சயனோஅக்ரிலேட் விடுவது இன்னொன்று. இரண்டும் வேலை செய்கின்றன. தொடக்கநிலையில் இருப்பவர் இரண்டையும் விட்டுவிட்டு, அந்தப் பாகத்தைத் திருகாணியால் பிடிப்பதே என் பரிந்துரை.

ஒரு கீலைச் செருகிப் பார்ப்போம்

நைலான் கீல் ஒட்டுவதில் மேலே சொன்ன எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஊசி செருகிய கீலின் இரண்டு இதழ்களையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். இதழ்களில் ஓட்டைகள் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு மில்லிமீட்டர் துளை மூன்று போடுங்கள். எபாக்ஸி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் துளை வழியாகப் பாய்ந்து இறுகும்போது ஆணி அடித்ததுபோல ஆகிவிடும். நைலானைப் பசை பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, பசையே மரத்தில் வேர்விட்டு நைலானைத் துளைத்து நிற்கிறது.

பிறகு பல்குத்தும் குச்சியின் நுனியில் கடுகளவு வாசலின் எடுத்து, கீல் மடியும் மூட்டில் மட்டும் தடவுங்கள். எதை ஒட்டக் கூடாதோ அங்கே தோசைக்கல் எண்ணெய். இதழ்களில் பட்டுவிட்டால் உங்கள் உழைப்பு வீண், துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். எபாக்ஸியைக் கீலில் தடவாமல், மெல்லிய தகட்டால் மரத்தின் பிளவுக்குள் ஊட்டுங்கள். கீலில் தடவிச் செருகினால் பிளவின் வாய் பசை முழுவதையும் வழித்து வெளியே தள்ளிவிடும், உள்ளே எதுவும் போகாது. செருகியபின் பிதுங்கியதை ஆல்கஹால் துணியால் துடைத்து, இறக்கை மடலை (கீலில் அசையும் பின்பகுதியை) இரண்டு முறை மேலும் கீழும் அசைத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுநாள், மரத்தையும் இதழையும் சேர்த்து ஒரு சின்னத் துளை போட்டு, பல்குத்தும் குச்சியைப் பசையில் தொட்டுச் செருகி, இரு பக்கமும் மட்டமாக நறுக்கிவிடுவேன். காற்றில் ஒரு கீல் கழன்றால் விமானம் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தக் குச்சியை மறப்பதில்லை.

கட்டுப்பாட்டுக் கொம்புக்கும் என்ஜின் தாங்கிக்கும் பசையை நான் நம்புவதே இல்லை. திருகாணியும் பின்தட்டும்தான். திருகும் இடத்துப் பால்சாவில் மெல்லிய சயனோஅக்ரிலேட்டை ஊறவிட்டால் மரம் கெட்டியாகித் திருகு பிடிக்கும். மூக்குக் கவசத்தையும் ஒட்டாமல் திருகாணியால் மாட்டுவதே நல்லது, மோட்டாரை ஒருநாள் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பிய்ந்த ஒட்டைப் படிப்பது

ஒட்டு பிய்ந்தால் உடனே சுரண்டிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கங்களையும் பாருங்கள். பிளாஸ்டிக்கில் மர நார் ஒட்டியிருந்தால் ஒட்டு தன் வேலையைச் செய்தது, மரம்தான் தோற்றது. அங்கே மரத்தைத் தடிமனாக்கலாம், பசையை மாற்ற வேண்டாம். பசை இரண்டு பக்கமும் பாதிப்பாதி நின்றால் கலவையிலோ அடுக்கின் தடிமனிலோ பிழை. பசை முழுவதும் மரத்தோடு போய், பிளாஸ்டிக் கழுவியதுபோல வந்தால் பரப்பில் பிழை: தேய்க்கவில்லை, துடைக்கவில்லை, அல்லது வளைய வேண்டிய இடத்தில் விறைத்த பசை.

அந்த மூடி இன்னும் என்னிடம் இருக்கிறது. விளிம்பு அன்றைக்கு வாங்கியதுபோலவே பளபளக்கிறது, உப்புத்தாள் பட்ட ஒரு கீறல்கூட இல்லை.